பொருந்தாத சோடியைப் பொருத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நகைச்சுவைக் காதல் தொடர் என்று விளம்பரம் வந்தால் வாசகர் முதல் மூன்று வாரம் சிரிப்பார். நாலாம் வாரம் கதாநாயகிக்குத் தலை சுற்றும். எட்டாம் வாரம் ஆஸ்பத்திரி. பன்னிரண்டாம் வாரம் வந்தால் எழுதியவர் உட்பட எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள். கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளின் ஞாயிறு வெளியீடுகளை விடாமல் வாசிப்பவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். நம் எழுத்தாளர்களுக்குச் சிரிக்கவைக்கத் தெரியாது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பொருத்தமில்லாத இருவரை முதல் அத்தியாயத்தில் நிறுத்திவிட்டு, அந்தப் பொருத்தமின்மையை அவசரப்பட்டுச் சரிசெய்துவிடுகிறார்கள். அது சரியாகிவிட்டால் அப்புறம் சிரிக்க என்ன இருக்கிறது? வேறு வழியில்லாமல் நோயைக் கூப்பிடுகிறார்கள். தொடர்கதை எழுதுவதிலும் பிறர் எழுதியதைச் செம்மைப்படுத்துவதிலும் ஈடுபட்டவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

பொருந்தாத காதல் என்றதும் கை தானாகப் போவது பணத்துக்கும் ஊருக்கும் சாதிக்கும். கறுவாத்தோட்டத்துப் பெண், கொட்டாஞ்சேனைப் பையன். அல்லது யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஹட்டன் குடும்பம். இவை உண்மையான தடைகள்தாம். இவற்றை வைத்து நல்ல நாவலும் எழுதலாம். ஆனால் இந்தத் தடை காதலர் இருவருக்கும் நடுவில் இல்லை. வெளியே, பெற்றோரிடமும் அயலவரிடமும் இருக்கிறது. அதனால் மூன்றாம் வாரமே இருவரும் ஒரே கட்சி. ஒரே கட்சிக்காரர் சேர்ந்து அழலாம், சேர்ந்து ஓடலாம். ஒருவரால் மற்றவருக்கு வேர்த்துக்கொட்ட இடமில்லை. நகைச்சுவைக்கு வேண்டியவர்கள், ஒரு மேசையில் இருந்து சண்டையில்லாமல் தோசை சாப்பிட முடியாத, ஆனால் வேறு மேசைக்கும் போக மனம் வராத இருவர்.

இதற்கு நம்மிடமே பழைய கணக்கு ஒன்று உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் ஒத்திருக்க வேண்டியவை பத்து என்கிறார்: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, நிறுத்த காம வாயில், நிறை, அருள், உணர்வு, திரு. மேடைகளில் இந்த நூற்பாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நகைச்சுவை எழுதுகிறவர் மேசைக்கு முன்னால் ஒட்டிவைக்க வேண்டியது இதற்கு அடுத்தது. காதலரிடம் இருக்கவே கூடாதவை அதில் வருகின்றன: நிம்பிரி, கொடுமை, வியப்பு, புறமொழி, வன்சொல், பொச்சாப்பு, மடிமை, குடிமை இன்புறல், ஏழைமை, மறப்பு, ஒப்புமை. பொறாமை, தன்னைத் தானே மெச்சுவது, சுடுசொல், சோம்பல், தன் குடிப்பெருமையில் தானே மகிழ்வது, மறதி என்று முழு நகைச்சுவை நாவலுக்கான சரக்கும் ஒரே நூற்பாவில் கிடக்கிறது. குடிமை இன்புறலை மட்டும் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் ஒரு மாமாவை உட்காரவைத்தால் ஆறு அத்தியாயம் தானாக ஓடும்.

செய்முறை இதுதான். முதல் பட்டியலின் பத்தில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் உடையுங்கள். எட்டுப் பொருத்தம் அப்படியே இருக்கட்டும். முக்கியமாக உணர்வும், அதாவது அறிவும், அருளும். அறிவில் ஒருவர் மற்றவருக்குச் சளைத்தவராக இருந்தால் வாசகருக்கு இரக்கம் வரும், சிரிப்பு வராது. பிறகு இரண்டாம் பட்டியலிலிருந்து ஆளுக்கு ஒரு குறை எடுங்கள். அவன் குறை சரியாக அவள் குறையின்மேல் உரச வேண்டும். அவனுக்கு மடிமையும் (சோம்பல்) அவளுக்கு நிம்பிரியும் (பொறாமை) கொடுத்தால் இரண்டும் தனித்தனியே கிடக்கும், ஒன்றையொன்று தொடாது. அவனுக்கு மறப்பு, அவளுக்கு வன்சொல் என்று வையுங்கள். தீப்பெட்டியும் குச்சியும் ஒரே கையில்.

உதாரணத்துக்கு ஒரு சோடி. அவன் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு மொத்த வியாபாரம். எல்லாக் கணக்கும் தலைக்குள். யார் எது கேட்டாலும் சரி என்பான், பாதியை மறந்துபோவான். அவள் வெள்ளவத்தையிலிருந்து வரும் கணக்காய்வுப் பயிலுநர். எதையும் எழுதிவைப்பாள், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வாள். இருப்பு எண்ண வந்திருக்கிறாள். புத்தகத்தில் பம்பாய் வெங்காயம் 212 மூடை. கிட்டங்கியில் எண்ணினால் 209.

“மிச்சம் மூண்டும் எங்கை?”

“ஒண்ணு அழுகிடுச்சுங்க. ஒண்ணு கோயில் அன்னதானத்துக்குக் குடுத்தேன்.”

“மூண்டாவது?”

“இருங்க, ஞாபகம் வரும்.”

அவள் எழுதுகிறாள்: அழுகல் 1, கடவுள் 1, மறதி 1. கீழே ஒப்பம் கேட்கிறாள். அவன் வாசிக்காமலே வைத்துக் கொடுக்கிறான்.

இந்தக் காட்சியில் யாரும் நகைச்சுவை பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். இருவரும் தத்தம் வேலையைத் தத்தம் இயல்பில் செய்கிறார்கள், அவ்வளவுதான். அந்த மூன்றாவது மூடைதான் இனி நாவலின் அச்சாணி. அது இரண்டாம் வாரம் தொலைகிறது. இங்கே ஒரு தொழில் விவரம் தவறக்கூடாது: வெங்காயம் மாதக்கணக்கில் மூடிய கிட்டங்கியில் தாங்காது. கடைசி அத்தியாயம்வரை அதை ஒளித்துவைத்தால் புறக்கோட்டையில் மூடை தூக்கும் ஒரு நாட்டாமிகூட அந்தத் தொடரை மதிக்க மாட்டார். ஆகவே ஆறாம் வாரம் நாற்றம் காட்டிக்கொடுக்கிறது. மூடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அவன் மறக்கவில்லை, அவள்தான் எண்ணும்போது விட்டுவிட்டாள். அவன் என்ன செய்கிறான்? அவளுக்கு முகம் சிறுத்துப்போகுமே என்று சத்தமில்லாமல் மூடையைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, “எனக்கு மறதிதான்” என்று ஒப்புக்கொள்கிறான். வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பதினெட்டாம் வாரம் அவளுக்குத் தெரியவருகிறது. அவளுக்குக் கோபம் தான் பிழைவிட்டதற்காக அல்ல, அவன் மறைத்ததற்காக. அவனுக்கோ தான் செய்தது அன்பு. இருவரும் சரி. இப்படி இருவரும் சரியாக இருக்கும் இடத்தில் வரும் பிரிவுதான் நாவலைத் தாங்கும். அதற்கு விபத்தும் வேண்டாம், வெளிநாட்டு மாப்பிள்ளையும் வேண்டாம்.

பிரிவுக்கு நம்மவர்கள் வழக்கமாக வைப்பது தப்பெண்ணம். அவன் யாரோ ஒரு பெண்ணோடு ஓட்டோவில் போனதை அவள் கண்டுவிட்டாள். அந்தப் பெண் அவன் தங்கை. இதற்கு ஒரு சோதனை உண்டு: ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பில் தீரக்கூடிய சிக்கலுக்கு ஒரு அத்தியாயத்துக்கு மேல் ஆயுள் கொடுக்காதீர்கள். கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலத்தில் அதை ஆறு வாரம் இழுக்கலாம். இன்று வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்த பிறகும் கதாநாயகி எட்டு வாரம் கேட்காமல் இருந்தால் அவள் வைராக்கியக்காரி இல்லை, கதாசிரியரின் கைப்பாவை.

சிரிப்பை யாரிடம் கொடுப்பது என்பது அடுத்தது. சினிமாப் பழக்கத்தில் காதலர் இருவரும் அழகாக நிற்க, நகைச்சுவையைச் சமையற்காரரிடமும் குடிகார மாமாவிடமும் ஒப்படைத்துவிடுகிறோம். அந்தப் பகுதிகளைக் கத்தரித்தாலும் கதை குறையாது; கத்தரித்தால் கதை குறையாத நகைச்சுவை நாவலுக்கு உரியதல்ல. தொல்காப்பியர் நகை பிறக்கும் இடம் நாலு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நம் தொடர்களில் ஓடுவது முக்கால்வாசி எள்ளல். குண்டானவரை, குள்ளமானவரை, தமிழ் தடுமாறுபவரைப் பார்த்துச் சிரிப்பது. காதல் நாவலுக்குப் பொருந்துவது மடன், அதாவது கொண்டதை விடாத பிடிவாதம். எழுதிவைக்காத எதுவும் நடக்கவில்லை என்று அவள் நம்புவது மடன். சரி என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று அவன் நம்புவதும் அதுவே.

எள்ளலையே முழுதாக வைத்துக்கொண்டும் கெட்டிக்காரத்தனமாக எழுதலாம் என்பதற்குக் கலித்தொகை 94ஆம் பாட்டைப் பாருங்கள். அரண்மனைப் பணியாளர் இருவர், அவள் கூனி, அவன் குறளன். அவன் வழிமறிக்கிறான், அவள் அவன் உருவத்தைச் சொல்லிக் கேலி செய்கிறாள், அவன் அவள் கூனைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறான். வெளியிலிருந்து எவரும் வந்து சிரிப்பதில்லை; கேலி முழுவதும் அந்த இருவர் வாயிலிருந்தே, சம பலத்தோடு வருகிறது. முடிவில் இணங்கிச் சேர்ந்து போகிறார்கள், கூனும் நிமிரவில்லை, உயரமும் கூடவில்லை. நம் தொடர்களில் கண்ணாடி போட்ட பெண் கடைசியில் கண்ணாடியைக் கழற்றியதும் அழகியாகிறாளே, அந்த வியாதி அந்தப் புலவருக்கு இல்லை.

பெற்றோர் பற்றி ஒரு வரி. வில்லனாக்க வேண்டாம், ஒரு விடயத்திலாவது அவர்கள் சொல்வது சரியாக இருக்கட்டும். “கணக்கில்லாதவனோடை எப்பிடிப் பிள்ளை சீவிக்கப்போறாய்?” என்று அம்மா கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் மகள் விழிப்பதில்தான் சுவை.

இனிப் பேச்சு. கொழும்பில் எழுதும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய முதல் கிடையாது. இலங்கை வானொலியின் ‘கோமாளிகள் கும்மாளம்’ நாடகத்தில் அப்புக்குட்டி ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழிலும், மரிக்கார் ராம்தாஸ் முஸ்லிம்களின் பேச்சிலும், உபாலி செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழிலுமாக வெளுத்துக்கட்டினார்கள். 1976இல் அது திரைக்கும் போனது. ஒரே அறையில் பல தமிழ் என்பதே அங்கே பாதிச் சிரிப்பு. நாவலில் அதைச் செய்ய மூன்று விதி போதும். பேச்சு வழக்கு உரையாடலுக்குள் மட்டும் இருக்கட்டும். விவரணை பொதுத் தமிழில் போகட்டும். ஒருவருக்கு ஒரு வழக்கு என்று முதல் அத்தியாயத்தில் எடுத்துக்கொண்டால் இருபத்துநாலாம் அத்தியாயம்வரை மாறக்கூடாது. ‘எண்டு’ என்றவர் ஐந்தாம் வாரம் ‘ன்னு’ என்று பேசினால் எழுத்தாளர் மறந்துபோனார் என்று அர்த்தம். மூன்றாவது, தடுமாற்றம் இரு பக்கமும் இருக்க வேண்டும். சிங்கள நண்பர் தமிழில் தடுக்கி விழுந்தால் நம் கதாநாயகனும் சிங்களத்தில் ஒருமுறை விழட்டும். சிங்களச் சொல் பக்கத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். பொருள் காட்சியிலேயே விளங்க வேண்டும். புறக்கோட்டைக்காரன் தொலைபேசியில் சரி என்பதற்குச் சிங்களத்தில் நிமிடத்துக்கு நாலு தரம் “ஹரி, ஹரி” என்பதைக் கேட்டு அவளுடைய அம்மம்மா பையன் பெருமாள் பக்தன் என்று உருகிப்போனால், அடிக்குறிப்பே தேவையில்லை.

இதில் எழுத்தாளரைவிடப் பத்திரிகை அலுவலகங்களுக்குத்தான் பொறுப்பு அதிகம். “சொன்னனீங்கள்” என்று எழுதிக் கொடுத்ததை ஒப்புநோக்குபவர் “சொன்னீர்கள்” என்று திருத்திவிடுகிறார். “வந்துட்டேன்ல” என்பது “வந்துவிட்டேன் அல்லவா” ஆகிறது. இரண்டு பேரும் ஒரே பாடப்புத்தகத்தில் படித்தவர்கள்போலப் பேசத் தொடங்கினால், பாதிப் பொருத்தமின்மை அச்சுக்குப் போகுமுன்பே காணாமற்போய்விடும்.

ஊர் விவரங்களில் வரும் பிழைகள் தனி. காலையில் வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டைக்குப் போகும் ரயிலில் கடல் இடப்பக்கம். கதாநாயகியை வலப்பக்க ஜன்னலில் இருத்திக் கடலைப் பார்க்கவைக்க முடியாது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று நின்று நின்று போனாலும் இருபது நிமிடத்துக்குள் அடங்கும் பயணம் அது. அலுவலக நேரத்தில் இருப்பதற்கு இடம் கிடைப்பதே அதிசயம், அங்கே இரண்டு பக்கக் காதல் உரையாடலைப் பேசவைப்பது அநியாயம். மூன்று வாக்கியம், அதுவும் நடுவில் ஒருவர் கைப்பையைத் தள்ளிக்கொண்டு போக. போயா தினத்தில் மதுக்கடை திறந்திருக்காது; சோகத்தில் குடிக்கப்போகும் நண்பன் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போகட்டும், அல்லது பார்க்காமல் போய் ஏமாறட்டும். காலிமுகத்திடலில் குடைக்குள் காதலர் என்ற காட்சி எல்லோரும் எழுதித் தேய்ந்தது. எழுதியே தீர வேண்டும் என்றால் மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவக்காற்று அந்தக் குடையைத் திருப்பி உதறிவிடும் என்பதையாவது பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றிலும் மோசமாக எழுதப்படுவது பதிவுத் திருமணம். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய அன்று மாலையே விவாக எழுத்து முடிந்துவிடுகிறது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி முதலில் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். இருவரும் வேறுவேறு பதிவுப் பிரிவில் குடியிருந்தால் ஒவ்வொருவரும் தத்தம் பிரிவுப் பதிவாளரிடம். அறிவித்தல் பதிந்து 12 நாள் கழியாமல் சான்றிதழ் இல்லை. மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இடையில் ஆட்சேபம் உள்ளவர் அதை முறைப்படி பதியவும் வழி உண்டு. சாட்சிகள் இருவர் வேண்டும். காத்திருக்க முடியாதவர்களுக்கு விசேட அனுமதிப்பத்திரம் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம், தனி விண்ணப்பம். காதலரில் ஒருவர் மட்டும் இஸ்லாமியர் என்றால் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் அவர்கள் மணம் முடிக்க முடியாது. அது இருவரும் இஸ்லாமியராக இருப்பவர்களுக்கு மட்டுமே.

சட்டம் என்று இதை ஒதுக்குகிறார்கள். நகைச்சுவை எழுதுகிறவருக்கு இது வரப்பிரசாதம். 12 நாள் என்பது கடைசி நாலு அத்தியாயங்களுக்கு இயல்பான கடிகாரம். வெளியே யாருக்கும் சொல்லாமல் 12 நாள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவனோ கேட்டவருக்கெல்லாம் சரி சொல்பவன். அவளோ பொய் சொல்லத் தெரியாதவள். “எங்கை பிள்ளை போட்டு வாறாய்?” என்று அம்மா சாதாரணமாகக் கேட்டாலே அவளுக்குக் காய்ச்சல் வரும். தன் பிரிவுப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதை அவன் மறந்துவிட்டான் என்று ஐந்தாம் நாள் தெரிந்தால் 12 நாள் 17 நாளாகிறது. இரண்டு சாட்சியில் ஒருவர் அந்தக் குடிப்பெருமை மாமாவாக இருக்க நேர்ந்தால் மீதியை எழுத்தாளருக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொடருக்கான அளவுகள்: 24 வாரம், வாரத்துக்கு 1,200 சொல், இரண்டு காட்சி. உரையாடல் பாதிக்குக் குறையக்கூடாது. ‘சென்ற இதழில்’ என்ற சுருக்கம் 25 சொல்லைத் தாண்டினால் கதை விளங்கும்படி எழுதப்படவில்லை. திரும்ப வரும் நகைச்சுவை மூன்று முறை போதும், மூன்றாம் முறை அது தலைகீழாக வேண்டும். புத்தகத்தில் நாற்பது பக்க இடைவெளி விடலாம். வாரத் தொடரில் ஆறு வாரத்துக்கு மேல் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வாசகர் மறந்துவிடுவார். மூன்றாவது மூடை ஆறாம் வாரத்துக்கும் பதினெட்டாம் வாரத்துக்கும் நடுவில், பன்னிரண்டாம் வாரம், யாராவது ஒருவர் வாயில் ஒரு வரியாவது வந்துபோக வேண்டும் என்பது அதனால்தான்.

தொடங்கும் மாதமும் முக்கியம். பெப்ரவரி நடுவில் தொடங்கினால் ஒன்பதாம் அத்தியாயம் சித்திரைப் புத்தாண்டில் விழும். புறக்கோட்டை மூடிக்கிடக்கும், அவனுக்குச் செய்ய வேலையில்லை. முதல் தடவையாக அவனைச் சரியான நேரத்துக்கு வரவைக்கலாம். அன்று பார்த்து அவள் தாமதமாகட்டும். இருபத்துநாலாம் அத்தியாயம் ஆடிவேல் காலத்தை ஒட்டி வரும். செட்டியார் தெருவிலிருந்து வேல் பம்பலப்பிட்டிக்கு வரும் அந்த நீண்ட வழி அவன் பக்கத்தையும் அவள் பக்கத்தையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிடுகிறது. பதிவுக்குப் போக வேண்டிய ஓட்டோ அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நகராமல் நிற்பதை யாரும் செயற்கை என்று சொல்ல மாட்டார்கள். இடையில் தொழிலில் ஓர் அடி வேண்டுமானால் இறக்குமதிப் பொருள்கள்மீதான வரியான விசேட வியாபாரப் பண்ட அறவீடு இருக்கிறது. ஒரே இரவில் வர்த்தமானியில் வெங்காயத்துக்கான அறவீடு மாறும், காலையில் விலைக்கணக்கு எல்லாம் பிழை. எழுதிவைத்தவளும் எழுதாதவனும் அன்று ஒரே நிலைமையில் நிற்பார்கள்.

முடிவில் குறையை மாற்றிவிடாதீர்கள். ஒருவர் பழக்கத்தை மற்றவர் ஒரே ஒருமுறை, அரைகுறையாகச் செய்து பார்த்தால் போதும். அவன் ஒரு கொப்பி வாங்கி எல்லாவற்றையும் எழுதுகிறான். கொப்பியை எங்கோ வைத்துவிட்டான். அவள் அவனுடைய மானத்தைக் காப்பாற்ற அப்பாவிடம் ஒரு பொய் சொல்கிறாள்; அதையும் திகதி, நேரத்தோடு சொல்லி மாட்டிக்கொள்கிறாள்.

பிறகு புத்தகமாக்கும்போது 24 அத்தியாயமும் சேர்ந்து ஏறத்தாழ 28,800 சொல். டெமி அளவில் பக்கத்துக்கு 210 சொல் என்றால் 137 பக்கம், முன்பின் பக்கங்களோடு 16 பக்க அச்சுப் பாரம் ஒன்பதில், 144 பக்கத்துக்குள் அடங்கும். வாராவாரம் போட்ட திடுக்கிடும் முடிவுகளில் மூன்றில் இரண்டை அப்போது வெட்ட வேண்டும். ஒரே இருக்கையில் வாசிப்பவருக்கு அவை விக்கல்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள்கள் சிறியவை. தொடரைத் தெரிவுசெய்யும்போது முதல் அத்தியாயத்தை மட்டும் பார்க்காமல் ஆறு அத்தியாயமும், பதினெட்டாம் வாரப் பிரிவு எதனால் என்று ஒரு பக்கமும் கேளுங்கள். அந்தக் காரணம் இருவரில் ஒருவரின் இயல்பிலிருந்து வரவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். எழுத்தாளரிடம் பாத்திரங்களின் பேச்சுப் பட்டியல் ஒன்று வாங்கி ஒப்புநோக்குபவரிடம் கொடுங்கள்; மேற்கோள் குறிக்குள் இருப்பதில் அவர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தட்டும். ஓவியருக்கும் ஒரு சொல்: முதல் வாரமே இருவரையும் தோளோடு தோள் சாய்த்து வரைந்துவிட்டால், அடுத்த இருபத்துமூன்று வாரமும் எழுத்தாளர் என்னத்தைச் சொல்வது? கிட்டங்கியையும் மூடைகளையும் வரையச் சொல்லுங்கள். அவள் கையில் கொப்பி இருக்கட்டும். அவன் தொலைபேசியோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இங்ஙனம்,
வெள்ளவத்தை வாசகர் சிலர்,
கொழும்பு 06